சிவப்பு அடிக்கும் கறுப்பு

போணி ஆகாத கடையில் வந்து கறுப்புத் துணி கேட்பது எப்பேர்ப்பட்ட காரியம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தால் பாண்டி பஜாரில் கொஞ்ச நேரம் வளையல் பார்த்துவிட்டு வந்திருப்பாள். மாணிக்கவாசகமும் நிம்மதியாக இருந்திருப்பான்.

"இருக்கிறதிலேயே கறுப்பான கறுப்பு எதுவோ, அதைக் காட்டுங்க" என்றாள்.

ராஜரத்தினம் அண்ணாச்சியின் கையிலிருந்த ஊதுவத்தி பாதி வட்டத்தில் நின்றது. ராஜரத்தினம் மேட்சிங் சென்டர் என்ற அந்தக் கடை ஓர் ஆள் அகலம், நாலு ஆள் நீளம். தரையிலிருந்து கூரை வரை ரவிக்கைத் துணி. சுவாமி படத்துக்கும் கல்லாப் பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து அண்ணாச்சி அதை இருபது வருஷமாகக் கட்டி ஆள்கிறார். கார்த்திகை மாதத்தில் மாலை போட்டுக்கொண்டு வரும் ஐயப்ப சாமிகளைத் தவிர, வேறு எவருக்கும் முதல் போணியாகக் கறுப்பை வெட்டியவர் அல்லர்.

"ஏம்மா, மொத போணி. மங்களகரமா ஏதாச்சும் எடுத்துட்டு அப்புறமா கறுப்பு எடுங்க. ஒரு ரிப்பனாச்சும்."

"ரிப்பன் கட்டற வயசெல்லாம் தாண்டியாச்சுங்க."

"கட்ட வேண்டாம்மா. வாங்கினாப் போதும்."

அவள் சிரித்துவிட்டு மஞ்சள் ரிப்பன் ஒரு முழம் வாங்கினாள். அண்ணாச்சி காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார். பிறகு உள்பக்கம் திரும்பி, "ஏலே மாணிக்கம், அம்மாவுக்குக் கறுப்பு எடுத்துப் போடு" என்றார்.

அண்ணாச்சியின் மகன் மாணிக்கவாசகத்துக்கு வயது இருபத்தெட்டு. ரோட்டுக்கு எதிர்ப்புறம் போகிற புடவையைப் பார்த்தே அதற்கு எந்த ரவிக்கை சேரும் என்று சொல்லிவிடுவான். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். மற்ற இரண்டையும் அடித்துப் பேசியே சரியாக்கிவிடுவான்.

"என்ன கறுப்புங்க வேணும்?"

"கறுப்புன்னா கறுப்புதானே."

இதைக் கேட்டால் மேட்சிங் சென்டர்க்காரனுக்கு எப்படி இருக்கும்? மாணிக்கம் மளமளவென்று துணிகளை உருவி மேஜைமேல் விசிறினான். "இது நீலம் அடிக்கும். இது பச்சை அடிக்கும். இதைப் பாருங்க, காக்காக் கறுப்பு. அது யானை. இது புதுக் குடை. டியூப் லைட்டுல எல்லாம் ஒண்ணுபோலத்தான் தெரியும், வெளிச்சத்துக்கு வாங்க."

சொல்லிக்கொண்டே துணிகளைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு நடைபாதைக்குப் போய்விட்டான். மேட்சிங் பார்க்கிறவர்களை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சூரியனிடம் சாட்சி கேட்பது அந்தத் தொழிலில் கை கழுவுவதுபோல் ஒரு பழக்கம். அவளும் பின்னாலேயே வந்தாள். ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"இதெல்லாம் வெளிச்சத்தை வாங்கிட்டுக் கொஞ்சம் திருப்பித் தருதே. வாங்கினா வாங்கினதுதான்னு இருக்கணும். திருப்பியே தரக்கூடாது."

"அப்படி ஒரு கறுப்பு எதுக்குங்க?"

"ப்ளாக் ஹோல் செய்யப் போறேன்."

அவள் பெயர் ஜெயபாரதி. அடையாறில் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டர். வருகிற சனிக்கிழமை அங்கே விஞ்ஞானக் கண்காட்சி. வட்டமான இரும்புச் சட்டத்தில் கறுப்புத் துணியை இழுத்துக் கட்டி, நடுவில் கனமான குண்டு ஒன்றைத் தொங்கவிட்டால் துணி பள்ளமாக இறங்கும். கோலிக்குண்டை ஓரத்தில் உருட்டிவிட்டால் சுற்றிச் சுற்றி வந்து பள்ளத்தில் விழும். பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். இதையெல்லாம் நடைபாதையில் நின்றபடி அவள் சொல்லிக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து அண்ணாச்சி குரல் கொடுத்தார்.

"அது என்னம்மா ஹோலு?"

"வானத்துல இருக்கிறதுங்க. பெரிய நட்சத்திரம் எரிஞ்சு முடிஞ்சதும் தனக்குள்ளேயே இடிஞ்சு விழும். சுருங்கிச் சுருங்கி, கடைசியில அதோட இழுப்புல இருந்து வெளிச்சங்கூட வெளியில வர முடியாமப் போயிடும். போனது போனதுதான்."

"தமிழ்ல அதுக்கு என்ன பேரு?"

"கருங்குழின்னு வச்சுக்கலாம்."

"மதுராந்தகத்துக்கு முன்னாடி பஸ் நிக்குமே, அந்த ஊரா? எங்க சகலை அங்கதான் உரக்கடை வச்சிருக்கான்." அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். "அவனுக்குப் போன பொருளும் திரும்பி வந்ததில்ல."

ஜெயபாரதி சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு இல்லை. நடைபாதையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. மாணிக்கவாசகம் கையில் கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருந்தான். இருந்ததில் கறுப்பான பாப்ளினில் அவள் ஒரு மீட்டர் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் மறைந்த பிறகும் நின்றுகொண்டிருந்தான்.

அன்றைக்கு முழுதும் அவனுக்கு வேலை ஓடவில்லை. வெளிச்சமே வெளியில் வர முடியாத ஓர் இடம். அதெப்படி? கடையில் எல்லாமே வெளிச்சத்தை நம்பித்தானே நடக்கிறது. வெளிச்சம் பட்டுத் திரும்பினால்தான் நிறம். நிறம் இருந்தால்தான் மேட்சிங். திரும்பாத வெளிச்சத்துக்கு எந்த ரவிக்கையை மேட்ச் செய்வது? ஓர் அம்மாள் மயில் கழுத்துக் கலர் கேட்டாள்; அவன் ராமர் பச்சையை எடுத்துப் போட்டான். இன்னொருத்தி அரை மீட்டர் கேட்டதற்கு ஒன்றரை மீட்டர் கிழித்தான்.

"என்னல, நட்ட கல்லு மாதிரி நிக்க?" என்றார் அண்ணாச்சி.

"ஒண்ணுமில்லப்பா. அது எல்லாத்தையும் இழுத்துக்கும்னா, நம்மளையும் ஒருநாள் இழுத்துக்காதா?"

"எது?"

"அந்தக் கருங்குழி."

"கட மூடுத நேரத்துல இழுக்கச் சொல்லு. வெளக்கணைக்கிற செலவு மிச்சம்."

மறுநாளே ஜெயபாரதி துணியோடு திரும்பி வந்துவிட்டாள். பாப்ளின் இழுபடவில்லை, இழுபடாத துணியில் பள்ளம் விழாது. மாணிக்கம் இரவு முழுதும் சேர்த்து வைத்திருந்த கேள்வியை முதலில் கேட்டான். துணியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"நம்மளை இழுத்துக்காதுங்களா?"

"கிட்டப் போனாத்தான். தூரத்துல இருக்கிறவங்களை அது ஒண்ணும் பண்ணாது. சூரியனை எடுத்துட்டு அதே எடைக்கு ஒரு ப்ளாக் ஹோலை அங்க வச்சாலும் பூமி பாட்டுக்குச் சுத்திக்கிட்டுதான் இருக்கும். இருட்டா இருக்கும், அவ்வளவுதான்."

"வம்புக்குப் போகாதவரைக்கும் வராது."

"ஆமாம்."

"அப்ப சமத்துதான்" என்றான் மாணிக்கம். அவள் மறுபடி அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். பள்ளத்தின் ஓரம் கொஞ்சம் சரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அவன் கேட்டதுதான் வினையை இழுத்து வந்தது. "எல்லாம் சரிங்க. அது என்ன அடிக்கிற கறுப்பு? நீலமா, பச்சையா?"

ஜெயபாரதி யோசித்தாள். இந்தக் கேள்வியை அவளுக்குப் பாடம் நடத்திய எந்தப் பேராசிரியரும் கேட்டதில்லை. "உள்ள ஒரு நிறமும் கிடையாது. ஆனா அந்த ஓரத்துக்குப் பக்கத்துல இருந்து தப்பிச்சு வர்ற வெளிச்சம் ஏறி வர்றதுக்குள்ள களைச்சுப் போயிடும். களைச்ச வெளிச்சம் சிவப்பாத்தான் தெரியும். அப்புறம் அதுவும் தெரியாமப் போயிடும்."

"அப்ப சிவப்பு அடிக்கிற கறுப்பு" என்றான் மாணிக்கம், தீர்ப்பு எழுதுகிற ஜட்ஜ் மாதிரி.

"அப்படிச் சொல்ல முடியாதுங்க..."

"நீங்க விடுங்க. நான் ஏற்பாடு பண்றேன். இழுபடற துணியா, பனியன் துணியில, வட்டமா வெட்டி, சனிக்கிழமை காலையில நானே அடையாறுக்குக் கொண்டுவந்து கொடுத்திடறேன்."

"சாயம் போகாதே? காலேஜ்ல எல்லாம் தொட்டுப் பார்ப்பாங்க."

"கியாரண்டிங்க."

கியாரண்டி என்பது மேட்சிங் சென்டரில் வணக்கம் மாதிரி. அர்த்தம் பார்த்து யாரும் சொல்வதில்லை. ஆனால் அன்றைக்கு மாணிக்கம் சொன்னபோது அவனுக்கே நெஞ்சில் ஏதோ உறைத்தது. சாயத்தைப் பற்றி அல்ல, அது வேறு கவலை. சனிக்கிழமை கண்காட்சி முடிந்துவிடும். முடிந்த பிறகு அவளுக்குக் கறுப்புத் துணி வேண்டியிருக்காது. துணி வேண்டாதவள் மேட்சிங் சென்டருக்கு எதற்காக வரப் போகிறாள்? அதற்குள் ஏதாவது ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவள் அடையாறில் இருப்பாள், இவன் தி. நகரில் இருப்பான், நடுவில் ஓடுகிற பஸ்ஸில் வேறு யாராவது போய் வந்துகொண்டிருப்பார்கள்.

சைதாப்பேட்டையில் ஆற்றங்கரையோரம் அப்துல் கஃபார் சாயப்பட்டறை. வெள்ளைப் பனியன் துணியை அவரிடம் கொடுத்து மாணிக்கம் விவரம் சொன்னான். கஃபார் பாய் பொறுமையாகக் கேட்டார்.

"செவப்பு அடிக்கிற கறுப்பு போட்டுடலாம் தம்பி. ஆனா அந்தக் கூட்டு நூலைப் புடிச்சு உக்கார ஒரு வாரம் எடுக்கும். சாயத்துக்கும் பசி தீரணுமில்ல?"

"சனிக்கிழமை காலையில வேணும் பாய்."

"அப்ப ஒண்ணு செய். தண்ணி மட்டும் படாம பாத்துக்க."

கண்காட்சியில் தண்ணீருக்கு என்ன வேலை? மாணிக்கம் தலையாட்டிவிட்டு வந்தான். இதை ஜெயபாரதியிடம் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை என்று சொல்வதற்கில்லை. தோன்றியது. தோன்றியதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டான்.

சனிக்கிழமை காலை. வட்டமாக வெட்டிய துணி, பட்டறையிலிருந்து வந்து கடை மேஜைமேல் கிடந்தது. வாசலில் பிடித்துப் பார்த்தபோது மாணிக்கத்துக்கே உடம்பு சிலிர்த்தது. கறுப்பு, ஆனால் அடியில் எங்கோ ஒரு சிவப்பு கனன்றுகொண்டிருந்தது. காகிதத்தில் சுற்றி வைக்கச் சொல்லி அப்பாவிடம் கொடுத்துவிட்டு, சட்டை மாற்ற மாடிக்குப் போனான். மாற்றினான். பிடிக்கவில்லை. வேறு மாற்றினான்.

கீழே அண்ணாச்சி அந்தத் துணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை. அதிலும் கறுப்பு. அதிலும் புதுத் துணி. போகிற இடமோ, கல்யாணமாகாத ஒரு பெண்ணின் கை. இந்த நாலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுத் துணி என்றால் முனையில் கொஞ்சம் மஞ்சள் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். சுவாமி படத்தடியில் மஞ்சள் கிண்ணம் இருந்தது. குழைத்து எடுத்துக்கொண்டு முனையைத் தேடினார்.

வட்டத்துக்கு ஏது முனை? சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடைசியில், எந்தப் பக்கத்துக்கும் குறை வேண்டாம் என்று சரியாக நடுவில், கட்டை விரல் அழுந்த, தாராளமாக வைத்தார். மடித்தார். காகிதத்தில் சுற்றினார்.

"போய்ட்டு வால" என்றார் மகனிடம், மனசு லேசாகி.

கல்லூரிப் பௌதிகக் கூடத்தில் ஜெயபாரதி சந்தன நிற வாயில் புடவை கட்டிக்கொண்டு இரும்புச் சட்டத்தின் பக்கத்தில் காத்திருந்தாள். பக்கத்தில் ஆயா தேவானை, வெற்றிலையை மென்றுகொண்டு, துடைப்பத்தைத் தூணில் சாய்த்துவிட்டு வேடிக்கை பார்க்க நின்றாள். கண்காட்சியைத் திறந்து வைக்க வேண்டியவர் இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார் என்று பிரின்ஸிபால் அம்மாள் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

மாணிக்கம் காகிதத்தைப் பிரித்தான். ஜெயபாரதி துணியின் ஒரு பக்கத்தைப் பிடித்து உதறினாள். வட்டம் விரிந்தது. அண்டத்தின் ஆழத்தில், வெளிச்சமும் மீளாத அந்த மகா இருட்டின் நட்டநடுவில், ஒரு ரூபாய் அளவுக்கு மஞ்சள்.

தேவானை வெற்றிலை மெல்வதை நிறுத்தினாள்.

"இது என்னது?" என்றாள் ஜெயபாரதி, மெதுவாக.

"எங்கப்பா" என்றான் மாணிக்கம்.

அவள் கைக்குட்டையால் துடைத்தாள். மஞ்சள் அகலமானது. இன்னும் துடைத்தாள். இன்னும் அகலமானது. இப்போது ஒரு தோசை அளவு.

"இதுக்கா இப்படி மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு கீற?" என்றாள் தேவானை. "ஒரு சொம்புத் தண்ணி ஊத்துனா ஓடிப்பூடும். நவுரும்மா."

மாணிக்கவாசகத்துக்குத் தண்ணீர் என்ற சொல் காதில் விழுந்து, அங்கிருந்து மூளைக்குப் போய், கஃபார் பாயின் முகம் ஞாபகத்துக்கு வந்து, வாய் திறப்பதற்குள் தேவானையின் சொம்பு கவிழ்ந்துவிட்டது.

மஞ்சள் போயிற்று. மஞ்சளோடு கறுப்பும் புறப்பட்டது. முதலில் ஒரு கோடு. பிறகு ஓர் ஓடை. சிவப்பு அடிக்கும் கறுப்பு, அவன் கேட்டு வாங்கிய அதே கறுப்பு, துணியின் மடிப்பில் திரண்டு வழிந்து, ஜெயபாரதியின் சந்தனப் புடவையில் இடுப்பிலிருந்து கால் வரை இறங்கியது. அவன் சட்டையில் தெறித்தது. அவர்கள் நாலு கையும் கறுத்துப் போயின.

"ஐய, இன்னாபா துணி இது" என்றாள் தேவானை. "அடுப்புக் கரில நெய்ஞ்சாங்களா?" துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நைசாக நழுவிவிட்டாள்.

"கியாரண்டின்னீங்களே" என்றாள் ஜெயபாரதி.

"சொன்னேன்."

"இப்படி ஆகும்னு தெரியுமா?"

இந்த இடத்தில் ஒரு நல்ல வியாபாரி சொல்லக்கூடிய பதில்கள் மாணிக்கத்திடம் தயாராகவே இருந்தன. தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. ஆயா ஊற்றிய விதம் சரியில்லை. மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் அப்படித்தான். அவன் ஒன்றையும் எடுக்கவில்லை.

"தெரியும். தண்ணி படக்கூடாதுன்னு பாய் சொன்னாரு. உங்ககிட்ட நான் சொல்லல."

"ஏன்?"

"சொன்னா வேற கடைக்குப் போயிடுவீங்கன்னு."

அவள் அவனைப் பார்த்தாள். புடவையைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். திட்டுவதற்கு நேரமில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"அந்தப் பக்கம் பிடிங்க. வெயில்ல காய வைக்கணும். கறுப்பு சீக்கிரம் காயும்."

கூடத்துக்குப் பின்னால் ஒரு புல்தரை. அடையாற்று வெயில் அங்கே தாராளமாக விழுந்துகொண்டிருந்தது. துணியைக் கீழே போட்டால் புல் ஒட்டும். கொடியில் போட்டால் கோடு விழும். ஆகவே இருவரும் ஆளுக்கொரு ஓரமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, குடை பிடிக்கத் தெரியாத இரண்டு பேர் மாதிரி நின்றார்கள். துணியிலிருந்து ஆவி கிளம்பியது. காற்று வந்தபோது அது பொம்மென்று மேலே எழும்பி, மறுபடி நடுவில் தொய்ந்தது.

துணி காயும்வரை கேள்வி வேண்டாம் என்றுதான் மாணிக்கம் நினைத்தான். ஆனால் ஒரு வாரமாகக் கேள்வி கேட்டுப் பழகிய வாய் சும்மா இருக்குமா?

"உள்ள விழறவனுக்கு என்னங்க ஆகும்?"

"இப்ப இது முக்கியமா?"

"எனக்கு முக்கியம்."

ஜெயபாரதி துணியை இழுத்துப் பிடித்தபடியே சொன்னாள். "ஓரத்துல ஒரு எல்லைக்கோடு இருக்கு. அதைத் தாண்டினாத் திரும்பி வர முடியாது. குழி ரொம்பப் பெரிசா இருந்தா, தாண்டறவனுக்குத் தாண்டினதே தெரியாது. சாதாரணமாத்தான் போயிட்டிருப்பான். ஆனா வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு, அவன் மெதுவாகி மெதுவாகி, அந்தக் கோட்டுலயே அப்படியே நின்னுட்ட மாதிரி தெரியும்."

மாணிக்கம் யோசித்தான். அவனுக்குள் ஏதோ ஒன்று மேட்சாகிப் பளிச்சென்று உட்கார்ந்தது.

"ஒரு வாரமா எங்கப்பா என்னை அதையேதாங்க கேக்கிறாரு."

"என்னன்னு?"

"ஏன் அப்படியே நிக்கிறேன்னு."

மாணிக்கத்துக்குக் காது சுட்டது, வெயிலாகவும் இருக்கலாம். இப்படி ஒரு வார்த்தையை இதுவரை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு எங்கே பார்ப்பது என்றும் தெரியவில்லை. துணியைப் பார்த்தான். நடுவில், தண்ணீர் பட்ட இடத்தைச் சுற்றி, கறுப்பு வெளுத்துப் போய்ச் செம்பழுப்பாக ஒரு பெரிய வளையம் விழுந்திருந்தது. அவ்வளவுதான், எல்லாம் கெட்டது என்று நினைத்துக்கொண்டான்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாளோ என்று பயந்து எட்டிப் பார்த்தான். ஜெயபாரதி துணியில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். மறைத்ததில் மூக்கு நுனியிலும் கறுப்பு.

"எதுவும் வெளியில வராதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன்" என்றாள் மூச்சு வாங்கி. "கறுப்பே கிளம்பி வெளியில வந்துடுச்சு."

"மன்னிச்சுக்குங்க."

"போன வருஷம் இங்கிலீஷ்காரர் ஒருத்தர் கணக்குப் போட்டிருக்கார். ப்ளாக் ஹோல்லேருந்தும் கொஞ்சூண்டு கசியுதாம். முழுக்கக் கறுப்பு இல்லையாம். எங்க பிரின்ஸிபால் நம்பலை."

"அப்ப நம்ம துணி தப்பு பண்ணல."

"துணி தப்புதான். தப்பு எப்படிச் சரியா மேட்ச் ஆச்சு பாருங்க, அதான் சிரிப்பு வருது." சிரிப்பு அவளை விடவில்லை. துணி குலுங்கியது. அவன் பிடித்திருந்த ஓரமும் குலுங்கியது. அவனுக்கும் தொற்றிக்கொண்டது. விஞ்ஞானக் கண்காட்சி நடக்கிற ஒரு கண்ணியமான கல்லூரியின் பின்புறத்தில், இரண்டு வளர்ந்த ஆட்கள் முகமெல்லாம் கரியாக, ஈரத் துணியைப் பிடித்துக்கொண்டு, எதற்கென்றே தெரியாமல் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு மாணவி ஒன்றும் புரியாமல் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனாள்.

காய்ந்தது. ஓடினார்கள். சட்டத்தில் மாட்டிக் குண்டைத் தொங்கவிட்டபோது நடுத்துணி ஆழமாக இறங்கி இருட்டுக்குள் போயிற்று. அந்த இருட்டைச் சுற்றி, வெளுத்த வளையம் மங்கலாகச் சிவந்து நின்றது. ஜெயபாரதி சட்டத்தை ஒரு முறை முழுதாகச் சுற்றி வந்து பார்த்தாள்.

திறந்து வைக்க வந்தவர் வந்தார். கோலியை உருட்டினார். அது சுற்றிச் சுற்றி வந்து, வளையத்தைத் தாண்டி, உள்ளே போய் மறைந்தது. இன்னொரு தரம் உருட்டினார். அடுத்த மேஜைக்கு வருமாறு கெஞ்சி அழைக்கும்வரை உருட்டிக்கொண்டே இருந்தார்.

பிரின்ஸிபால் அம்மாள் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு குனிந்தாள். "மிஸ் ஜெயபாரதி, இந்தச் சிவப்பு வளையம் ரொம்ப நேச்சுரலா இருக்கே. எப்படிப் பண்ணினே?"

"சைதாப்பேட்டையில சாயம் போட்டது, மேடம்."

பிரின்ஸிபாலின் பார்வை மெதுவாகப் புடவைக்கு இறங்கியது. "இது?"

"அதே சாயம்தான், மேடம்."

மாணிக்கம் படிக்கட்டுக்கடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். கூட்டம் வந்தது, போயிற்று. குழந்தைகள் கோலியைப் போட்டுவிட்டுச் சட்டத்துக்கு அடியில் தவழ்ந்து தேடின. தேவானை தன் வகையறா நாலு பெண்களைக் கூட்டிவந்து, "இதான் கருங்குழி. நாந்தான் தண்ணி ஊத்துனேன்" என்று காட்டினாள். சாயங்காலம் ஆக ஆக மாணிக்கத்துக்கு ஒரே கணக்குதான் ஓடியது. சொல்லிவிட்டான்தான், ஆனால் அவள் பதில் சொல்லவில்லை. சிரித்தாள். சிரிப்பு பதிலாகுமா? கடையில் எத்தனையோ பேர் சிரித்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் போயிருக்கிறார்கள்.

கடைசிக் கூட்டமும் கலைந்த பிறகு ஜெயபாரதி துணியைக் கழற்றினாள். மாணிக்கம் பக்கத்தில் போய் நின்றான்.

"புடவைக்கு நான் வேற ஒண்ணு எடுத்துத் தந்துடறேங்க."

"வேண்டாம்."

"திங்கக்கிழமை... உங்களுக்குத் துணி ஏதாவது வேண்டியிருக்குமா?"

"வேண்டாமே" என்றாள் ஜெயபாரதி. "கண்காட்சிதான் முடிஞ்சிருச்சே."

மாணிக்கம் தலையை ஆட்டினான். திரும்பினான். ஓரடி வைத்தான்.

"துணி வேண்டாம்னுதாங்க சொன்னேன்."

நின்றான்.

"அந்த பாயை நான் பார்க்கணும். எந்தக் கூட்டுல இந்தச் சிவப்பு வந்துதுன்னு கேக்கணும். திங்கக்கிழமை சாயங்காலம் சைதாப்பேட்டைக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?"

"பாயா? பாய்கிட்ட ரெண்டு வார்த்தைதாங்க. அவரு அதிகம் பேச மாட்டாரு."

"மிச்ச நேரம் நாம பேசிக்கலாம். கேள்வி தீர்ந்து போயிருந்தா, புதுசா யோசிச்சிட்டு வாங்க." துணியை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "அப்பாகிட்டயும் சொல்லுங்க. ரிப்பன் வாங்கினாளே ஒருத்தி, அவளோடதான் போறேன்னு."

கல்லூரி வாசலில் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. மாணிக்கவாசகம் ஏறினான். எங்கே போகிற பஸ் என்று பார்த்ததாக ஞாபகம் இல்லை. உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கறுப்புக் கையைப் பார்த்துச் சிரித்தான். பக்கத்திலிருந்த அம்மாள் கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இரண்டு கருங்குழி நேருக்கு நேர் சந்தித்தால் எது எதை இழுக்கும்? அதற்குள்ளே ஞாயிற்றுக்கிழமை உண்டா? வீடுகள் போயின, மரங்கள் போயின, உப்புக் காற்று முகத்தில் அடித்தது. கண்டக்டர் இரண்டு தடவை விசிலை ஊதினார். எல்லோரும் இறங்கினார்கள். அவன் மட்டும் கம்பியை விடவில்லை.

"நைனா, எங்க போணும் உனுக்கு?" என்றார் கண்டக்டர்.

"தி. நகருங்க."

"தலகீயா வந்துக்கீற. பெசன்ட் நகர் கடைசி ஸ்டாப் இது. எறங்கு. இதுக்கு மேல வண்டி போவாது, கடல்தான் கீது."

"பரவாயில்லங்க" என்றான் மாணிக்கவாசகம். இறங்கிக் கடலைப் பார்க்க நடந்தான்.